லேசாக இடித்துவிட்டேன்: இன்சூரன்ஸில் சொல்லவேண்டுமா, கையிலிருந்து கொடுத்து முடிக்கலாமா?

கேள்வி, மார்ச் 2

சிக்னலில் முன்னால் நின்ற காரின் பின்புறம் இடித்துவிட்டேன். மெதுவாகத்தான். தவறு என்னுடையது, அதில் வாதம் இல்லை. அவர் பம்பரில் கீறல், ஒரு சின்னப் பள்ளம். என் காரில் நம்பர் பிளேட் வளைந்ததோடு சரி. யாருக்கும் அடியில்லை. அவர் "இன்சூரன்ஸெல்லாம் எதற்கு, ஆகிற செலவைக் கொடுத்துவிடுங்கள், முடித்துக்கொள்வோம்" என்கிறார். பல வருடமாகக் கிளைம் கேட்காமல் சேர்த்த போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, போய்விடுமே என்று எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நிறுவனத்துக்குச் சொல்லாமலே விட்டால் என்ன ஆகும்?

மார்ச் 2, இரவு

சொல்லிவிடுங்கள். இன்றைக்கே.

தகவல் சொல்வது ஒன்று, கிளைம் கேட்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. "இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் இப்படி ஆனது. இப்போதைக்கு நான் கிளைம் எதுவும் கேட்கவில்லை" என்று நாலு வரி எழுதி அனுப்புவதில் எந்தத் தடையும் இல்லை.

நான் முன்பு ஒரு நிறுவனத்தின் மோட்டார் கிளைம் மேசையில் உட்கார்ந்திருந்தவன். பெரிய விபத்து என்றால் எல்லோரும் உடனே கூப்பிட்டுவிடுவார்கள். தலைவலி கொடுத்ததெல்லாம் இந்தச் சின்ன இடிகள்தான். ஃபைலைத் திறந்தாலே கதை தெரிந்துவிடும்: லேசான இடி, சமாதானப் பேச்சு, கொஞ்சம் பணம், அப்புறம் ஓரிரு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீலின் கடிதம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாலிசிதாரர் முதல்முறையாக எங்களைக் கூப்பிடுவார். "இது எப்போது நடந்தது?" என்று கேட்டதும் மறுமுனையில் சத்தமே இருக்காது.

உங்கள் பாலிசிப் புத்தகத்தில் நிபந்தனைகள் பக்கத்தைப் புரட்டுங்கள். அநேகமாக இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, விபத்து நடந்தால் தாமதிக்காமல் எங்களுக்குச் சொல்லவேண்டும். இன்னொன்று, எங்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, தரவோ கூடாது. ரகசியமாகக் கையில் கொடுத்து முடிப்பவர் இரண்டையும் ஒரே வேலையில் மீறுகிறார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகிற நேரத்தில்தான் இந்த இரண்டு வரிகளையும் யாராவது உரக்கப் படிப்பார்கள்.

மார்ச் 3

"எத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இழையில் இருப்பவர்கள் பல நாட்டில் இருக்கிறீர்கள், ஒரே பதில் கிடையாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தவை மட்டும்:

சிங்கப்பூரில் 24 மணி நேரம் அல்லது அடுத்த வேலை நாள். கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. சொல்லாவிட்டால் போனஸிலேயே கை வைக்கலாம். மலேசியாவில் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதியவேண்டும், அது சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 170ஆம் பிரிவு: நின்று பெயர், முகவரி, வண்டி எண்ணைக் கொடுக்கவேண்டும், கொடுக்க முடியாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லவேண்டும். இந்தியாவில் அதே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமோ பிறர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் ஓட்டியவர் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் தரவேண்டும் என்கிறது. இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் வண்டி ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். பிரான்சில் இரு தரப்பும் சேர்ந்து நிரப்பும் விபத்துப் படிவத்தை 5 வேலை நாளுக்குள் அனுப்பவேண்டும். கலிஃபோர்னியாவில் சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ யாருக்காவது அடிபட்டாலோ 10 நாளுக்குள் மோட்டார் வாகனத் துறைக்குத் தனிப் படிவம். இன்சூரன்ஸில் சொன்னது அதற்குக் கணக்கில் வராது.

பிரெஞ்சுப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் இடித்தது, தடம் மாறியது, பின்னோக்கி எடுத்தது என்று 17 கட்டங்கள் இருக்கும். பொருந்துவதில் குறியிட்டு, படம் வரைந்து, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். யார் தவறு என்று எழுதக் கட்டமே இல்லை. நடந்ததை மட்டும் எழுது, தீர்ப்பை எங்களிடம் விடு என்கிற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். படிவமே இல்லாத நாட்டில் இருப்பவரும் அதே மனநிலையில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.

மார்ச் 3, பிற்பகல்

நின்ற காரை இடித்துவிட்டு வைப்பரில் சீட்டு செருகிவிட்டுப் போனால் போதுமா என்று கேட்டவருக்கு: ஜெர்மனியில் போதாது. நியாயமான நேரம் காத்திருக்கவேண்டும், உரிமையாளர் வராவிட்டால் போலீசில் சொல்லவேண்டும். சீட்டை நம்பிக் கிளம்பினால் குற்றவியல் சட்டம் 142ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை அல்லது அபராதம். மழைக்குச் சீட்டு கரைந்துபோகும் என்பது அந்த ஊர் நீதிபதிகளுக்கும் தெரியும்.

மார்ச் 5

சரி, போனஸ் கணக்குக்கு வருவோம். கேள்வி கேட்டவர் உட்பட எல்லோரும் "இந்த வருடம் எவ்வளவு ஏறும்" என்று மட்டும் பார்க்கிறீர்கள். போனஸ் போனால் மறுபடி ஏறி வருவதற்கு வருடங்கள் பிடிக்கும், அத்தனை வருடத்து வித்தியாசத்தையும் கூட்டவேண்டும்.

போனஸே இல்லாத முழுப் பிரீமியத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் வருடங்களில் வேறு விபத்து இல்லை என்றும்.

சிங்கப்பூரில் 50 சதவீத போனஸில் இருப்பவர் தன் தவறால் ஒரு கிளைம் செய்தால் 20க்கு இறங்குவார். 50 கட்டிக்கொண்டிருந்தவர் அடுத்து 80, 70, 60 கட்டி, பிறகுதான் 50க்குத் திரும்புவார். கூடுதலாகப் போனது 30, 20, 10. மொத்தம் 60.

மலேசியாவில் 55 சதவீதத்திலிருந்து நேராகப் பூஜ்யம். பிறகு 25, 30, 38.33, 45, 55 என்று ஏறவேண்டும். கூடுதல் செலவைக் கூட்டினால் 136 சொச்சம். இப்போது கட்டுவது 45 என்பதால் இது ஏறத்தாழ மூன்று வருடப் பிரீமியம்.

இந்தியாவில் 50லிருந்து பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45, 50. கூட்டினால் 125. ஆனால் இங்கே இரண்டு விஷயம். இந்தச் சலுகை சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டிப் பகுதிக்கு, அதாவது பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான பகுதிக்கு, இல்லை. ஆகவே 125 என்பது அந்தப் பகுதியில் மட்டும். இரண்டாவது விஷயம்தான் சுவாரசியம். எதிர்த்தரப்புச் சேதத்துக்காக உங்கள் மீது வரும் கிளைம் உங்கள் போனஸைத் தொடாது. அப்படியானால் இடிபட்டவர் ஏன் கையில் கேட்கிறார்? உங்கள் தேர்ட் பார்ட்டிப் பணத்தை வாங்க அவர் தீர்ப்பாயம் வரை போகவேண்டும். அதற்குப் பொறுமை இல்லாமல் தன் பாலிசியிலேயே சரிசெய்துகொண்டால், தவறு அவருடையது இல்லை என்றாலும் அவருடைய போனஸ் போகும். அவர் காப்பாற்றப் பார்ப்பது உங்கள் போனஸை அல்ல, தன்னுடையதை. இது தெரிந்தால் பேரம் பேசும் தொனியே மாறும்.

இத்துடன் எக்செஸையும் சேருங்கள். கிளைமில் நம் பங்காகக் கழியும் தொகை. சில நாடுகளில் டிடக்டிபிள் என்பார்கள். கட்டாய எக்செஸ் ஒன்று, பிரீமியம் குறையட்டும் என்று நாமே ஏற்றுக்கொண்டது ஒன்று. இரண்டாவதை வாங்கிய அன்றே மறந்துவிடுவோம். தேய்மானம் கழிக்கிற நாடாக இருந்தால் அதுவும் உண்டு. இந்தியாவில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பான ஜீரோ டெப் எடுக்காதவருக்கு சொந்த பம்பரின் விலையில் பாதி அங்கேயே போய்விடும்.

போனஸ் இழப்பும் எக்செஸும் தேய்மானமும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் பில்லை நெருங்கினால் கிளைம் வேண்டாம். பில் தெளிவாக அதிகம் என்றால் யோசிக்காமல் கிளைம். பில் என்னவென்றே தெரியாத நிலையில் முடிவெடுப்பவரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், இப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 6

"பிரான்சையும் கணக்கில் சேருங்கள்" என்று ஒருவர். அங்கே பிரீமியத்தை ஒரு குணகத்தால் பெருக்குவார்கள். அந்தக் குணகத்தையே இப்படிப் பெருக்கி மாற்றுவார்கள்: விபத்தில்லாத ஒவ்வொரு வருடமும் 0.95ஆல், முழுத் தவறும் நம்முடையதென்றால் 1.25ஆல், பாதித் தவறென்றால் 1.125ஆல். கீழ் எல்லை 0.50, மேல் எல்லை 3.50. 0.50இல் இருப்பவர் ஒரு இடிக்கு 0.62 ஆவார். பிறகு 0.58, 0.55, 0.52, மறுபடி 0.50. நாலு வருடம்.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழித்து

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம். 0.50ஐத் தொட்டு மூன்று வருடமாவது அங்கேயே இருந்தவருக்கு, தன் தவறால் வரும் முதல் விபத்துக்கு ஏற்றம் இல்லை. ஆக நான் போட்ட ஏணி, 0.50க்கு அண்மையில் வந்து சேர்ந்தவருக்கு மட்டும் பொருந்தும். பிரான்சிலிருந்து சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அவர் குணகம் 0.50 என்பதை அந்தப் பதிலின் தொனியிலேயே ஊகித்தேன்.

மார்ச் 8

விட்ட இடம்: பில் தெரியாமல் முடிவெடுப்பது.

"சின்னக் கீறல்" என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. இப்போதைய பம்பர் என்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் மூடிதான். அதற்குள்ளே அதிர்ச்சியை வாங்கும் நுரை, அதற்குப் பின்னால் குறுக்கு உலோகச் சட்டம். மூடி வளைந்து தானாகத் திரும்பிவிடும். உள்ளே நுரை நசுங்கியிருக்கும், பிடிப்புக் கொக்கிகள் ஒடிந்திருக்கும். பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் தாங்கி நகர்ந்திருக்கலாம். சில கார்களில் பின்பக்க மூலைகளில் ரேடார் இருக்கும். அந்த இடத்தில் பட்டி பூசித் தடிமனாகப் பெயின்ட் அடித்தாலே ரேடார் சரியாகப் பார்க்காது என்று தயாரிப்பாளர்கள் புது மூடியே போடச் சொல்வதுண்டு. மாற்றியபின் ரேடார் சரியாகப் பார்க்கும்படி அளவுதிருத்தம் செய்வது வேறு. முத்து வெள்ளை மாதிரி நிறங்களில் பக்கத்துத் தகடு வரை வண்ணம் கலந்து அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது.

இதனால்தான் அந்த இடத்திலேயே ஒரு தொகையைப் பேசிக் கைமாற்றுவது இரு தரப்புக்கும் ஆபத்து. ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றிப் பார்க்கும் வரை யாருக்கும் விலை தெரியாது. கழற்றியபின் அவர் மறுபடி கூப்பிடுவார். நீங்கள் "அதுதான் கொடுத்தாயிற்றே" என்பீர்கள். அவர் நேராகத் தன் இன்சூரன்ஸுக்குப் போவார், அவர்கள் உங்கள் நிறுவனத்துக்கு எழுதுவார்கள். கொடுத்த பணமும் போய், கிளைமும் பதிவாகும். மேசையில் இருந்த காலத்தில் இந்த ரகம் எனக்குச் சலித்தே போனது.

மார்ச் 8, இரவு

இதைப் படித்துவிட்டு வீட்டில் கேட்கிறார்கள்: "நீ போன வருடம் தூணில் இடித்ததைச் சொன்னாயா?" தூண் கிளைம் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 11

"மன்னிக்கவும் என்று சொன்னாலே பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், வாயே திறக்காதீர்கள்" என்று ஒருவர் மிரட்டியிருக்கிறார். அவ்வளவு பயப்படத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தன. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை என்பதும் உண்மை.

என் பழக்கம் இது. "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று முதலில் கேட்பேன். "இப்படி ஆகிவிட்டது, வருந்துகிறேன்" என்பேன். "முழுச் செலவும் என் பொறுப்பு, எவ்வளவானாலும் தருகிறேன்" என்று மட்டும் சொல்லமாட்டேன், அதுவும் வாட்ஸாப்பில் எழுதித் தரவே மாட்டேன். முதலிரண்டும் மனிதன் பேசுவது. மூன்றாவது தொகை நிரப்பாத காசோலை. வருத்தம் தெரிவித்தவரிடம் எதிர்த்தரப்பு கோபப்பட்டு வழக்குக்குப் போனது குறைவு, முறைத்துக்கொண்டு நின்றவரிடம்தான் அதிகம். இது புள்ளிவிவரம் இல்லை, மேசை அனுபவம்.

மார்ச் 12

பின்னாலிருந்து இடித்தால் பின்னவர் தவறுதானா என்ற கிளைச்சண்டைக்கு: ஒன்டாரியோவில் தவறைத் தீர்மானிக்கும் விதிகள் அரசு ஒழுங்குமுறையாகவே இருக்கின்றன, ஒரே தடத்தில் பின்னால் வந்தவர் முன்னவரை இடித்தால் பின்னவருக்கு 100 சதவீதம். அங்கே "நோ ஃபால்ட்" முறை என்பார்கள். யார் மீதும் தவறில்லை என்று அதைப் புரிந்துகொண்டு ஏமாந்தவர்கள் உண்டு. இடிபட்டவர் தன் நிறுவனத்திடமே பணம் வாங்கிக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் அதன் பொருள். தவறு யாருடையது என்று எழுதிவைத்துத்தான் பிரீமியத்தை ஏற்றுவார்கள்.

மார்ச் 14

இப்போது முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும். "சொல்வது வேறு, கிளைம் வேறு" என்றேன். அதில் மாற்றமில்லை. ஆனால் சொன்னால் ஒரு விளைவும் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பிரிட்டனில் நிறுவனங்களுக்குப் பொதுவான கிளைம் பதிவேடு இருக்கிறது. பணம் கேட்காமல் தகவலாக மட்டும் சொன்ன சம்பவமும் அதில் ஏறும். புதுப்பிக்கும்போது ஐந்து வருட விபத்துகளைக் கேட்பது அங்கே வழக்கம், கிளைம் இல்லாத சம்பவத்துக்கும் பிரீமியம் ஏறுவதுண்டு. அமெரிக்காவில் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தரவு நிறுவனம் வைத்திருக்கும் அறிக்கை ஏழு வருடக் கிளைம் வரலாறு காட்டும்.

"அப்படியானால் சொல்லாமலிருப்பதுதானே லாபம்?" புதுப்பிக்கும் படிவத்தில் "விபத்து ஏதும் உண்டா" என்ற கேள்வி வரும். அங்கே "இல்லை" என்று போட்டால் மறந்துவிட்டேன் என்ற கட்டம் தாண்டிவிடுகிறது. தெரிந்தே பொய் சொன்ன பாலிசி பெரிய விபத்தின்போது செல்லாமல் போகலாம். கொஞ்சம் ஏறும் பிரீமியத்துக்காக அதைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

போனஸ் பாதுகாப்பு எடுத்திருக்கிறேனே என்பவர்களுக்கு: அது போனஸ் படியைத்தான் காக்கும். அந்தப் படி எந்தத் தொகையின் மேல் கழிகிறதோ, அந்தத் தொகை ஏறுவதைத் தடுக்காது.

மார்ச் 15

எல்லாம் படித்தபின்னும் கையில் கொடுத்தே முடிக்கிறேன் என்பவர் உண்டு. தவறில்லை, சில நேரம் அதுதான் சரியான கணக்கு. நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, "நானே தீர்த்துக்கொள்ளலாமா" என்று கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். பணம் ஒர்க்‌ஷாப் பில்லுக்கு எதிராக, வங்கி வழியாக, முடிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கே நேராகப் போகட்டும். "இந்த வண்டிக்கு இந்தத் தேதியில் ஏற்பட்ட சேதத்துக்கு முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அவர் கையெழுத்து வேண்டும்.

ஒன்டாரியோவில் இதற்குச் சட்டமே வழிவிடுகிறது. 2016 ஜூன் முதல், யாருக்கும் காயமில்லை, ஒவ்வொரு காரின் சேதமும் 2,000 டாலருக்குள், அதை இடித்தவரே கொடுத்துவிட்டார், நிறுவனம் எதுவும் கொடுக்கவில்லை என்றால் அந்த விபத்துக்காகப் பிரீமியத்தை ஏற்றக்கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் இந்தச் சலுகை. ஜெர்மனியில் வேறு வழி: நிறுவனம் முதலில் எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிடும், பிறகு அந்தத் தொகையை ஒரு கெடுவுக்குள், வழக்கமாக ஆறு மாதம், நீங்கள் திருப்பிக் கட்டினால் உங்கள் தரநிலை இறங்காது. எனக்கு இதுதான் மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தெரிகிறது. பில் என்னவென்று தெரிந்தபின் முடிவெடுக்கலாம், எதிர்த்தரப்போடு பேரம் பேசும் வேலையும் நம்முடையதில்லை. உங்கள் நாட்டில் இப்படி உண்டா என்று முகவரிடம் கேளுங்கள்.

மார்ச் 15, இரவு

ஒன்று விட்டுப்போனது. அந்தக் கையெழுத்து வண்டிச் சேதத்துக்குத்தான் உதவும். கழுத்து வலி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும். இடித்த இடத்தில் "எனக்கு ஒன்றுமில்லை" என்றவர் பொய் சொல்லவில்லை, அப்போது ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் காயத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம் வரை அவகாசம், சொத்துச் சேதத்துக்கு ஆறு. பம்பருக்கு விலை போடலாம், கழுத்துக்கு நீங்களும் நானும் விலை போட முடியாது. "எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுத் தீர்வு" என்று இணையத்தில் கிடைக்கும் வாசகத்தை நகலெடுத்துக் காயத்தையும் அதில் அடக்கிவிட்டதாக நிம்மதியடையாதீர்கள். முதல் நாளே தகவல் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்தியதற்குப் பாதிக் காரணம் பம்பர், மீதி இது.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டாராம், நல்லது. எதிர்த்தரப்பு பில் வந்துவிட்டதாம்: பின் பம்பர், சென்சார் தாங்கி, பெயின்ட். கூடவே இடது முன்விளக்கு.

பின்னால் இடித்ததில் முன்விளக்கு உடையவேண்டுமானால் அந்தக் கார் முன்னால் போய் இன்னொன்றில் மோதியிருக்கவேண்டும். மோதியதா? இல்லை என்கிறார். அப்படியானால் சண்டைக்குப் போகவேண்டாம். அன்று எடுத்த படங்களை அனுப்பி, "இந்தப் பாகம் விபத்தில் சேதமானதாக நான் ஏற்கவில்லை" என்று ஒரு வரி போதும். படம் எடுக்கும்போது இடிபட்ட இடத்தை மட்டும் நெருங்கி எடுக்காமல், எதிர் வண்டியின் நாலு பக்கமும் சுற்றி எடுக்கவேண்டும் என்பது இதற்காகத்தான். முன்விளக்கு அன்றைக்கே உடைந்திருந்தால் படத்தில் இருக்கும், அன்று நன்றாக இருந்தாலும் இருக்கும்.

படத்தில் முன்பக்கம் இல்லையென்றால் பில்லை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பி, சர்வேயரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடியின் திசையும் உயரமும் பார்த்து எது சேரும், எது சேராது என்று பிரிப்பதுதான் அவர் தொழில். அதுவரை ஒரு பைசாவும் கொடுக்கவேண்டாம். முன்விளக்கை நீக்கிய திருத்தின பில் வந்ததும் மார்ச் 5 குறிப்பில் உள்ள கூட்டலை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவேயில்லை.